புள்ளி தேய்ந்த சங்கீதம்

“இந்த வேதத்துல பிழை இருக்கு, டீச்சர்.”

சொன்னவர் ஆசீர் குணசீலன். வேதத்தில் ஒரு பிழையும் இல்லை என்று முப்பது வருஷம் மேடை மேடையாக வாதாடிய பிரசங்கியார். போன வருஷம் சர்க்கரை நோய் அவருடைய இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது.

கேட்டுக்கொண்டிருந்தவள் எப்சிபா. அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். பிறவியிலேயே பார்வை இல்லை. பார்வையற்றோர் பள்ளியில் பிரெயில் சொல்லித்தருகிறவள். எட்டு மாதமாக அவருக்கும் அவள்தான் ஆசிரியை.

ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி மேடை ஏறுகிறார். வேதத்தில் முரண்பாடு உண்டு என்கிற ஒரு பேராசிரியரோடு வாதம். பிழை இல்லை, ஆகவே அது தேவன் தந்தது. இதுதான் குணசீலனின் கட்சி. எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் தன் விரலாலேயே வாசிப்பதாகச் சவாலும் விட்டிருந்தார்.

“எந்த இடத்துல, ஐயா?”

“பதிமூணாம் சங்கீதம். பக்கமே மொட்டையா இருக்கு. அச்சு சரியா விழல. சபை நடுவுல இந்தப் பக்கத்தைக் கேட்டா என் கதி?”

“அச்சு நல்லாத்தான் விழுந்தது. விரல் பட்டுப் பட்டுத் தேஞ்சுபோச்சு.”

அவர் சிரித்தார். அப்படித் தேய்வதாக இருந்தால், பிறவிக் குருடன் பார்வையடைந்த அதிகாரமல்லவா முதலில் தேய்ந்திருக்க வேண்டும் என்றார்.

எப்சிபா எழுந்து போனாள். பிரெயிலில் வேதம் ஒரே புத்தகம் அல்ல, ஓர் அலமாரி. அதிலிருந்து யோவான் சுவிசேஷத்தை உருவி வந்து, அந்த அதிகாரத்தைப் பிரித்து வைத்தாள்.

புள்ளிகள் குருணை மாதிரி அவர் விரலில் குத்தின. ஒன்றுகூடத் தேயவில்லை.

“வர்ற விருந்தாளி எல்லாரும் எங்களுக்கு இதைத்தான் பிரசங்கம் பண்ணுவாங்க. நாங்களா எடுத்துப் படிக்கிறதில்ல.”

அவரும் இதே பள்ளிக்கு வந்து இரண்டு தடவை அதே பிரசங்கம் பண்ணியிருக்கிறார்.

எப்சிபா இன்னொரு புத்தகத்தை அவர் மடியில் வைத்தாள். சங்கீதப் புத்தகத்தின் புதிய பிரதி, உறைகூடப் பிரிக்காதது. யார் விரலும் படாதது, ஒரு புள்ளி குறையாது, ஞாயிற்றுக்கிழமைக்கு இதையே கொண்டுபோகலாம் என்றாள்.

அவர் உறையைப் பிரிக்கவில்லை.

பதின்மூன்றாம் சங்கீதம். எதுவரை என்னை மறந்திருப்பீர் என்று கர்த்தரிடம் முறையிடுகிற சங்கீதம். ஆறே வசனம். அதில் முரண்பாடு இருப்பதாக யாரும் சொன்னதில்லை. அதனால் அவருக்கு அது ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. யோசித்துப் பார்த்தார். இரண்டாம் வசனத்துக்கு மேல் வரவில்லை.

“இவ்வளவு தேயற அளவுக்கு யார் படிச்சது?”

“எத்தனையோ பேர். பாதி நான். இப்போ புள்ளி இல்லாமலே எனக்கு வரும்.”

அவள் அந்தப் பெருமையை மறைக்கவில்லை. வாதத்தில் ஜெயித்து இறங்கிய நாட்களில்கூட அவருக்கு அப்படி ஒரு குரல் வாய்த்ததில்லை.

புதிய புத்தகத்தை அவளிடமே நீட்டினார். பழைய பக்கத்தைத் தேடித் தடவினார். வழவழவென்று வெறும் தாள்.

“இதை எனக்குச் சொல்லித்தாங்க, டீச்சர்.”

“விரலை வைங்க,” என்றாள் எப்சிபா.