ஆலையைச் சுற்றி வந்த சேந்தன்

முன்னொரு காலத்தில், அது எந்தக் காலம் என்று கேட்டால் சொல்பவனே விழிக்கும்படியான ஒரு காலத்தில், கரும்பு செழித்து விளையும் நாடு ஒன்று இருந்தது. அதை ஆண்டவர் நெடுங்கோ மன்னர். நல்ல மனிதர். கோபம் வந்தால் அரை நாழிகை இருக்கும், சிரிப்பு வந்தால் ஒரு நாழிகை இருக்கும். அவருக்கு வெல்லம் என்றால் உயிர். அதற்காகவே ஆற்றங்கரையில் பெரிய கரும்பாலை ஒன்றைக் கட்டியிருந்தார். பன்னிரண்டு ஆலைக்கற்கள், அவற்றை இழுக்க இருபத்துநான்கு ஜோடி காளைகள், இரண்டு பேர் இறங்கிக் குளிக்கும் அளவுக்குச் செப்புக் கொப்பரைகள். காலையில் சபை கூடியதும் முதல் வேலையாக, அன்று இறக்கிய புது வெல்லம் ஒரு தட்டில் எல்லோரிடமும் சுற்றி வரும்.

ஒருநாள் அந்த வெல்லத்தை வாயில் போட்ட மன்னர் மெல்லுவதை நிறுத்தினார்.

"வெல்லம் எப்படி இருக்கிறது?" என்று சபையைப் பார்த்துக் கேட்டார்.

"அமிர்தம், மன்னர் பெருமானே" என்றார் வணிக அமைச்சர் வச்சிரநாதர். சேனாதிபதி கண்ணை மூடித் தலையை ஆட்டினார். அரண்மனைப் புலவர் ஒரு படி மேலே போய், தேனே வெட்கப்படும் என்றார். மன்னர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த விகடகவி சேந்தனைப் பார்த்தார். சேந்தன் இன்னும் மென்றுகொண்டிருந்தான்.

"உனக்கு எப்படி இருக்கிறது, சேந்தா?"

"கொஞ்சம் கரிக்கிறது, மகாராஜா. மோருக்குத் தொட்டுக்கொண்டால் உப்புச் செலவு மிச்சம்."

மன்னர் தட்டைத் தள்ளி வைத்தார். "ஒரு மாதமாக எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. என் நாக்குதான் கெட்டுவிட்டதோ என்று பயந்து வைத்தியரைக்கூட வரவழைத்தேன். அமைச்சரே, ஆலையில் என்ன நடக்கிறது?"

வச்சிரநாதர் இதற்குக் காத்திருந்தவர்போல நாற்பது ஓலைகள் கொண்ட சுவடி ஒன்றைப் பிரித்தார். கல் எத்தனை, காளை எத்தனை, கொப்பரையின் கனம் என்ன, சுவரின் உயரம் என்ன என்று எல்லாம் அதில் இருந்தது. ஆலைக்குள் ஒரு குறையும் இல்லை என்று வாசித்து முடித்தார். குறை இல்லாத இடத்தில் வெல்லம் கரித்தால், பாகுக்குப் பதம் பார்க்கும் உமையாள் என்ற பெண்ணின் கைதான் காரணம், அவளை நீக்க வேண்டும் என்றார். அதோடு இந்த இடமும் ராசியில்லை, ஆலையைப் பெயர்த்துக் கிழக்கே கொண்டுபோவது நல்லது என்றும் சொன்னார்.

உமையாளைச் சேந்தனுக்குத் தெரியும். பதினைந்து வருடமாகக் கொப்பரை ஓரம் நின்று, கொதிக்கும் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தே பதம் சொல்பவள். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருக்கும். அவள் கையைக் குறை சொன்னதும் அவனுக்குச் சுருக்கென்றது.

"மகாராஜா, உள்ளே குறை இல்லையென்றால் வெளியே இருக்கலாம் அல்லவா?" என்றான்.

"அப்படியானால் நீயும் ஒருமுறை ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சொல். ஐந்து நாள் அவகாசம்" என்றார் மன்னர்.

"சொல்லட்டும், பெருமானே. ஆனால் என் ஓலைகளில் இல்லாத ஒன்றை அவர் கொண்டுவராவிட்டால், இந்தச் சபையில் அவருக்கு இனி ஆசனம் வேண்டாம்" என்றார் வச்சிரநாதர். மன்னர் தயங்கினார். சேந்தன் சரி என்று சொல்லிவிட்டதால் அவரும் தலையசைத்தார். வச்சிரநாதர் அன்று மாலையே ஆலைக் காவலர்களிடம், விகடகவி வந்தால் வாசலைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் சேந்தன் போனபோது கதவு சாத்தியிருந்தது. காவலன் சங்கடத்தோடு, "மன்னியுங்கள் ஐயா, உள்ளே விட முடியாது. அமைச்சர் உத்தரவு" என்றான்.

"உன்னை யார் திறக்கச் சொன்னது? மகாராஜா என்னைச் சுற்றிப் பார்க்கத்தான் சொன்னார். புகுந்து பார்க்கச் சொல்லவில்லை" என்று சொல்லிவிட்டு, சேந்தன் மதில் ஓரமாக நடக்க ஆரம்பித்தான்.

ஐந்து நாளும் நடந்தான். வடக்கிலிருந்து கிழக்கு, கிழக்கிலிருந்து தெற்கு என்று ஆலையைச் சுற்றிச் சுற்றி வந்தான். கால் வலித்தால் யார் பக்கத்திலாவது உட்கார்ந்து பேசினான். வேலியோரம் மாடு மேய்ப்பவரோடு பேசினான், பாய் பின்னுபவர்களோடு பேசினான், வாய்க்காலில் துணி அலசுபவர்களோடு பேசினான். அமைச்சரின் ஒற்றர்கள் இதைப் போய்ச் சொல்ல, அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஆறாம் நாள் சபை கூடியது.

"உள்ளே என்ன பார்த்தாய்?" என்று மன்னர் கேட்டார்.

"உள்ளே காலே வைக்கவில்லை, மகாராஜா. தாங்கள் சொன்னபடி சுற்றித்தான் பார்த்தேன். ஆலைக்குத் தெற்கே சலவைத் தொழிலாளர் தெரு இருக்கிறது. ஆலை அடுப்புச் சாம்பலை அவர்கள்தான் தினமும் வந்து அள்ளிப்போவார்களாம், அழுக்குத் துணியை அவிக்க அது அவர்களுக்கு வேண்டும். மூன்று மாதம் முன்பு, வெளியாள் யாரும் ஆலை வாசலுக்கு வரக் கூடாது என்று உத்தரவு வந்தது. சாம்பலை அள்ள ஆள் இல்லை. ஆலைக்காரர்கள் என்ன செய்வார்கள்? பின்பக்க வாய்க்காலில் கொட்டுகிறார்கள்."

"கொட்டினால்?"

"அந்த வாய்க்கால்தான் கீழே போய்க் கரும்பு வயலுக்குப் பாய்கிறது. சாம்பலின் காரம் ஏறிய தண்ணீரைக் குடித்த கரும்பு எப்படி இனிக்கும்? அதைச் சீனியிலேயே போட்டுக் காய்ச்சினாலும் உமையாளால் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்றும் உண்டு. வாசல் ஒன்றே ஒன்றுதான் என்பதால் கரும்பு வண்டிகள் மூன்று நாள் வெயிலில் காய்கின்றன. பொறுக்க முடியாதவர்கள் அக்கரையிலிருக்கும் சின்ன ஆலைக்கு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள்."

மன்னர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். வச்சிரநாதர் எழுந்தார்.

"பெருமானே, ஆலை தங்களுடையது. வண்ணாரும் வண்டிக்காரரும் அதற்கு என்ன உறவு? இந்த ஊர்ப் பேச்சையெல்லாம் ஆலை விஷயம் என்று எடுத்துக்கொண்டால் முடிவே இராது. அப்படி ஆலையோடு சம்பந்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்றால், நாளை பொழுது சாய்வதற்குள் அத்தனை பேரையும் இவர் இங்கே கொண்டுவந்து நிறுத்தட்டும். ஒருவர் விட்டுப்போனாலும் ஆசனத்தை மறந்துவிட வேண்டும்."

மன்னருக்கும் அவர்கள் யார் யார் என்று பார்க்கும் ஆசை வந்துவிட்டது. "முடியுமா, சேந்தா?" என்றார்.

"முயற்சி செய்கிறேன், மகாராஜா" என்றான் சேந்தன். குரல் முன்புபோல இல்லை.

வீட்டுக்கு வந்தவன் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி நங்கை கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னான். "ஒரு நாளில் எப்படித் தேடுவது? எண்ணத் தொடங்கினால் ஒருவரைத் தொட்டு இன்னொருவர் வருகிறார். கடைசி ஆள் யார் என்று யாருக்குத் தெரியும்?"

நங்கை குழம்பை ஊற்றினாள். "போன வருடம் நம் தெருக் கிணற்றைத் தூர் வார ஒரு நாள் மூடினோமே, நினைவிருக்கிறதா? அதுவரை அதில் பத்து வீடுதான் தண்ணீர் எடுக்கிறது என்று நினைத்தோம். அன்றைக்கு நம் வாசலில் சண்டைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? மேலத்தெரு சத்திரத்துக்காரர்கூட வந்தார். நீங்களா போய்த் தேடினீர்கள்?"

சேந்தன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். கையைக் கழுவியதும் நேராக மன்னரிடம் போய், ஒரே ஒரு நாள் ஆலையை நிறுத்தவும் அதைப் பறையறைந்து அறிவிக்கவும் அனுமதி கேட்டான். மன்னர் கொடுத்தார்.

அன்று மாலை ஊரெங்கும் பறை ஒலித்தது. "நாளை அரசரின் ஆலை ஓடாது. அதைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டியவர்கள் பொழுது சாய்வதற்குள் அரண்மனைக்கு வரலாம்."

மறுநாள் விடிந்ததும் முதலில் வந்தவர்கள் கரும்பு விவசாயிகள். வெட்டிய கரும்பு காய்ந்துவிடும் என்றார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே வண்டிக்காரர்கள், காளைகளுக்கு லாடம் அடிப்பவர்கள், வெல்லத்துக்கு மண் அச்சு செய்யும் குயவர்கள், வெல்லம் கட்டப் பாய் பின்னும் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். சலவைத் தொழிலாளர் தலைவர் வீரபத்திரன், "நின்றதே நின்றது, திறக்கும்போது எங்களுக்குச் சாம்பலையும் திறந்துவிடச் சொல்லுங்கள்" என்றார். கோயில் மடைப்பள்ளியிலிருந்து வந்தவர், நாளைய பொங்கலுக்கு என்ன செய்வது என்று கேட்டார். பட்டத்து யானைப் பாகன் யானையோடே வந்துவிட்டான். தினசரி வெல்ல உருண்டை கிடைக்காமல் அது கொட்டிலுக்குள் போக மறுத்ததாம்.

மகிழ்ச்சியோடு வந்தவர்களும் இருந்தார்கள். கருப்பட்டி வியாபாரி ஒருவர், ஆலையை ஒரேயடியாக மூடிவிட்டால் நல்லது என்று பணிவாகச் சொல்லிக்கொண்டார். அக்கரை ஆலையின் ஆள் ஒருவன், கொப்பரைகளை விற்பதாக இருந்தால் தனக்குச் சொல்லும்படி கேட்டான். ஆலைப் புகை படியும் தெருவிலிருந்து வந்த ஒரு பெண், "இருமி இருமி நெஞ்சு வலிக்கிறது, மகாராஜா. மூடிவிடுங்கள்" என்றாள். இரண்டடி போனவள் திரும்பி வந்து, "என் வீட்டுக்காரர் அங்கேதான் காளை ஓட்டுகிறார். மூடாதீர்கள். புகைபோக்கியை மட்டும் உயர்த்துங்கள்" என்றாள்.

உச்சிப்பொழுதுக்குள் முற்றம் நிறைந்தது. மன்னர் சிம்மாசனத்தை விட்டுப் படிக்கட்டு வரை வந்துவிட்டார். உமையாள் ஒரு தூணோரம் தள்ளியே நின்றாள். சேந்தன் அவளிடம் போய், "நீ ஒன்றும் சொல்லவில்லையே, தாயி?" என்றான்.

"எனக்கென்ன சொல்ல இருக்கிறது? நான் பதம் தப்பவில்லை. அது ஒன்றை மட்டும் ராஜாவுக்குத் தெரியப்படுத்தினால் போதும்."

மன்னர் காதில் அது விழுந்தது. அவள் நின்ற இடத்துக்கு ஒரு மணைப் பலகை கொண்டுவந்து போடும்படி சைகை காட்டினார்.

வெயில் இறங்க ஆரம்பித்தது. வச்சிரநாதர் தொண்டையைச் செருமினார். "கூட்டம் பெரிதுதான். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்பதற்கு என்ன சாட்சி, விகடகவியாரே?"

"அமைச்சர் பெருமானே, ஆலை நின்றால் யாருக்கு ஏதாவது ஆகுமோ அவர்கள்தான் சம்பந்தப்பட்டவர்கள். ஆகிறவர்கள் வந்திருக்கிறார்கள். நின்றது தெரிந்தும் வீட்டில் படுத்திருப்பவருக்கு ஆலையோடு என்ன சம்பந்தம்? இருந்தாலும் பொழுது சாயவில்லை. பொறுத்துப் பார்ப்போம்."

அப்போது வாசலில் ஒரு பல்லக்கு வந்து நின்றது. அதிலிருந்து பட்டு உத்தரீயத்தைச் சரிசெய்தபடி இறங்கியவர் மேகவண்ணர், வச்சிரநாதரின் மைத்துனர். கிழக்கே கற்கள் நிறைந்த பெரிய நிலம் ஒன்றுக்குச் சொந்தக்காரர். வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தாரோ என்னவோ, சபை இருந்த நிலையைக் கவனிக்காமல் நேரே அமைச்சரிடம் போனார்.

"பறை கேட்டதும் புறப்பட்டுவிட்டேன், அத்தான். சொன்னதைவிடச் சீக்கிரமாகவே மூட வைத்துவிட்டீர்கள். ஆலைக்கற்களை என் நிலத்துக்கு என்றைக்கு அனுப்புவீர்கள்? முள்ளெல்லாம் வெட்டித் தயாராக வைத்திருக்கிறேன்."

யானை காதை ஆட்டும் சத்தம்கூடக் கேட்டது. வச்சிரநாதர் முகம் வெளுத்தது. சேந்தன் மிகவும் மரியாதையாக, "வாருங்கள் ஐயா. உங்களைத்தான் நான் விட்டுவிட்டிருப்பேன். நல்ல வேளையாக நீங்களே வந்தீர்கள்" என்றான்.

முதலில் சிரித்தது பாய் பின்னும் பெண்களில் ஒருத்தி. பிறகு வண்டிக்காரர்கள். மன்னர் கோபப்படத்தான் நினைத்தார், புருவத்தைக்கூட நெரித்தார். ஆனால் மேகவண்ணர் இன்னும் ஒன்றும் புரியாமல் எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவருக்கும் சிரிப்பு பொங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் அமைச்சரைப் பார்த்தார். "வச்சிரநாதரே, இருபது வருடம் என்னோடு இருந்திருக்கிறீர். தண்டிக்க மனம் வரவில்லை, சும்மா விடவும் மனம் வரவில்லை. சேந்தா, நீ சொல்."

சேந்தன் யோசித்தான். இந்த மனிதர் தன்னைச் சபையை விட்டே விரட்டப் பார்த்தவர். ஆனால் தலை குனிந்து நின்ற அந்த நிலையில் அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. "ஓலை எழுதுவதில் இவரை மிஞ்ச ஆள் இல்லை, மகாராஜா. இங்கே வந்தவர்கள் சொன்னதையெல்லாம் இவரே எழுதட்டும். அவரவரிடம் போய், உட்கார்ந்து கேட்டு எழுதட்டும். அதைவிடப் பெரிய தண்டனையும் வேண்டாம், அதைவிட நல்ல வேலையும் இல்லை."

அப்படியே ஆயிற்று. சாம்பல் தெற்குத் தெருவுக்குப் போனது. ஆலைக்கு இரண்டாவது வாசல் திறக்க உத்தரவானது. புகைபோக்கியை உயர்த்தக் கொத்தனார்கள் அழைக்கப்பட்டார்கள். உமையாளுக்கு மன்னர் தம் கையாலேயே பட்டுச்சேலை கொடுத்தார். சேந்தனுக்குத் தம் தோளிலிருந்த சால்வையைப் போர்த்தி, ஒரு ஜோடி வெள்ளைக் காளைகளையும் தந்தார். சேந்தன் சால்வையைத் தன் தோளிலிருந்து எடுத்து, கூட்டத்தில் நின்ற நங்கைக்குப் போர்த்தி, "யோசனை இவளுடையது, மகாராஜா. நான் நடந்தது மட்டும்தான்" என்றான். மன்னர் மறுபடி சிரித்து, அவளுக்கென்று தனியாக ஒரு பசுவும் கன்றும் கொடுக்கச் சொன்னார்.

கூட்டம் கலையவில்லை. அரண்மனைச் சமையலறையிலிருந்து எல்லோருக்கும் இலை போடப்பட்டது. மெய்க்காவலர் வந்து, மன்னருக்கு உள்ளே சாப்பாடு ஆறுகிறது என்று காதோடு சொன்னார். மன்னர் படிக்கட்டில் ஒரு கரும்பு விவசாயியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விவசாயி வாய்க்கால் மடையைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"சற்று இரும்" என்றார் மன்னர். "இவர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை."