மலைத்தேனீ வெட்டவெளியில் தொங்குவது ஏன்?

சத்தியம், சத்தியம், மூன்று தரம் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இப்போதே உதிரட்டும்.

அந்தக் காலத்தில், தேனீக்கள் வாய்விட்டுப் பேசிய காலத்தில், அத்தனை தேனீக்களும் ஒரே மருதமரப் பொந்தில் ஒரே ராணியின் கீழ் இருந்தன. மேல் தேனடையில் குடியிருந்த மேலடைக்காரிகளுக்கு ஒரு மொழி, கீழ்த் தேனடையில் குடியிருந்த கீழடைக்காரிகளுக்கு வேறொரு மொழி. ராணிக்கு இரண்டும் தெரியும். வாயைத் திறந்தால் மேலடை மொழிதான் வரும்.

ஒரு கோடையில் கரடி வந்தது. "பறந்துவிடலாம் தாயே, வெளியிலிருந்து சண்டை போடுவோம்" என்று மந்திரிகள் கெஞ்சினார்கள். ராணி கேட்கவில்லை. சரணடைந்து கரடியின் குகைக்கே குடிபோனாள். கரடி கீழடையைப் புழுக்குஞ்சுகளோடு பிய்த்துத் தின்றது. மேலடையைத் தொடவில்லை. ராணி செய்துகொண்ட ஒப்பந்தம் அப்படி!

நான்கு மழைக்காலம் கழித்துக் கரடி செத்தது. ராணி திரும்பி வந்தாள், கொழுகொழுவென்று. "எங்கள் தாய்!" என்று மேலடை கூத்தாடியது.

கீழடையில் மாடத்தி என்றொருத்தி. குஞ்சுகளுக்கு ஊட்டி வளர்ப்பது அவள் வேலை. வளர்த்த அத்தனையையும் கரடிக்குப் பறிகொடுத்தவள். நேரே ராணியின் அறைக்கு ஏறினாள். ராணியைப் பார்க்க வேண்டுமென்று கீழடைப் பேச்சில் கேட்டாள். காவல்காரி மறித்தாள்.

"என்னடி முனகுறே? மேலடைப் பேச்சுல சொல்லு."

"கரடி தின்னப்போ எங்க பிள்ளைங்க எந்தப் பேச்சுல அழுதிருக்கணும்? அதையும் சொல்லு!"

உள்ளிருந்து ராணி குரல் கொடுத்தாள்: "நான் உங்களை விட்டு ஓடவில்லையே!"

"ஓடியிருந்தா மன்னிச்சிருப்போம். கரடி பக்கத்துல உக்காந்து எங்க தேனை நக்குனியே! நாங்க திரும்பக் கட்டின அடை விளிம்புலதான் உன் மக வளர்றா. அவகிட்ட பட்டத்தைக் கொடுத்துட்டு இறங்கு. கூடு ஒண்ணா இருக்கும்."

இறங்கியிருக்கலாம் அந்தப் பாவி. "மெழுகு கொண்டுவாருங்கள். என் அறை வாசலை மூடிப் பூசுங்கள்" என்றாள். அந்த மெழுகும் கீழடைக்காரிகள் வயிற்றிலிருந்து கசிந்ததுதான்.

மாடத்தி கீழே வந்து இளவரசியின் அறையைக் கடித்துத் திறந்தாள். "ராணி ஒளிஞ்சுக்க ஒரு சுவர்கூட இல்லாத வீடு கட்டுவோம், வாங்கடி!" பாதிக் கூடு பிய்த்துக்கொண்டு அவள் பின்னால் பறந்தது.

அன்று முதல்தான் மலைத்தேனீ வெயிலானாலும் மழையானாலும் பாறை நெற்றியில் ஒற்றை அடை கட்டி, ராணியைக் கண்ணெதிரே வைத்துக் காவல் காக்கிறது. பொந்துத்தேனீயோ தன் ராணியை இருட்டில் மூடி வைத்திருக்கிறது. இரண்டுக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

இதைச் சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். இரண்டு கூட்டத்துக்கும் கொடுக்கு இருக்கிறது.