காலால் பேசிய முயல்கள்

ஒரு காட்டில், குழந்தைகளே, கோடை வந்து குட்டைகளெல்லாம் வற்றிப்போய் ஒரே ஒரு சுனைதான் மிஞ்சியது. அங்கேயும் சிறுத்தை பதுங்கிப் பதுங்கி வரும். காவலுக்கு நின்ற மயில் சட்டம் போட்டது. "சிறுத்தை வந்தா கத்தத் தெரிஞ்சவங்களுக்குத்தான் தண்ணி!"

கத்தச் சொல்லிக்கொடுப்பது மைனாவின் வேலை. மைனாவுக்கு எப்போதும் ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அன்றைக்கோ இன்னும் மோசம். கிளிக்குஞ்சுகளும் அணில்குட்டிகளும் கற்றுக்கொண்டு போய்த் தண்ணீர் குடித்தாயிற்று. புதர்க்காட்டு முயல்குட்டிகள் மட்டும் நாக்கு வறண்டு மரத்தடியில் கிடந்தன.

"எங்கே, சொல்லுங்க. கிரீச்!"

முயல்களின் குரல் குசுகுசுப்பைத் தாண்டவில்லை.

"திரும்பத் திரும்பச் சொல்ல வை, வந்துடும்," என்றது மயில். "வரலேன்னா மண்டையில ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம்."

மைனாவுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். நாளைக்கும் தண்ணீர் கிடைக்காவிட்டால் இந்தப் பிஞ்சுகள் பிழைக்குமா? கிளையில் இருப்புக்கொள்ளாமல் தரையில் குதித்தது.

அதே நேரம் ஒரு முயல்குட்டி பின்னங்காலால் நிலத்தை உதைத்தது. டம், டம்! மற்ற குட்டிகள் புதருக்குள் பாய்ந்தன. அவற்றைப் பிடிக்க வானத்திலிருந்து இறங்கிய ஒரு பருந்து ஏமாந்து திரும்பியது. மைனாவின் காலில் அந்த அதிர்வு ஏறியது.

"இது என்னடா?"

"ஆபத்துன்னு சொன்னேன், அக்கா. எங்க வீட்டுல இப்படித்தான் சொல்லுவோம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க மேலேயே இருந்தீங்களே!"

மைனாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சரி, முதல்ல எனக்குச் சொல்லிக்கொடுங்க," என்று தன் குச்சிக்காலால் தரையை உதைத்தது. குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன. அதோடு அவற்றின் பயமும் போய்விட்டது.

"நீங்க உதைங்க, நான் கத்தறேன்."

டம், டம், கிரீச்! மாலைக்குள் மைனாவின் கத்தல் குட்டிகளுக்கும், அவற்றின் உதை மைனாவுக்கும் புரிந்துவிட்டன.

மறுநாள் சுனைக்கரையில் தேர்வு. முயல்குட்டி உதைத்துக் காட்டியது.

"காலை உதறாதே, வாயைத் திற! ஃபெயில்!" மயில் தோகையை விரித்துக்கொண்டு சிரித்தது.

குட்டியின் காதுகள் விறைத்தன. மறுபடி உதைத்தது. டம், டம்!

"கிரீச்!" என்று கத்தியது மைனா. எல்லாரும் ஓட்டம் பிடித்தார்கள். மயில் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றது. காய்ந்த புல்லிலிருந்து சிறுத்தை பாய்ந்தது. தோகையை அதன் வாயில் விட்டுவிட்டு, மயில் உயிரோடு மரமேறியதே பெரிய காரியம்.

அன்று முயல்குட்டிகள் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தன. ஒருவரும் தடுக்கவில்லை.

அடுத்த நாள் வகுப்பில், முன்வரிசையில், தோகையில்லாத மயில் ஒற்றைக்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"இன்னும் பலமா உதைங்க, மாமா," என்றது முயல்குட்டி.

நீதி: பிள்ளைக்குப் பாடம் சொல்ல வருகிறவர், முதலில் அந்தப் பிள்ளையின் மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும்.