பேசாமல் உதவியவர்

ஸ்டெல்லா டீச்சர் தன் சொந்த போனில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பதிவு செய்யக் கற்றுக்கொடுத்தார். பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி நல்லபெருமாளுக்கு அது பிடிக்கவில்லை.

"இப்பவே ஒரு கதை பதிவு பண்ணுங்க. நடுவுல வேற சத்தம் கேட்டுதுன்னா நாளையிலிருந்து இந்த வகுப்பே கிடையாது" என்றார்.

மாணவி இசக்கியம்மா, தன் வீட்டுக் கன்றுக்குட்டி தொலைந்த கதையைச் சொன்னாள். பிள்ளைகள் மூச்சுக்கூட விடவில்லை.

போட்டுக் கேட்டார்கள். கன்றைத் தேடும் இடத்தில் ஒரு குரல், "யாரும் அசையாதீங்க" என்றது. கன்று கிடைத்த இடத்தில், "ம், சத்தம் வரக் கூடாது" என்றது. இரண்டும் அதிகாரியின் குரல்.

டீச்சருக்கு முகம் வெளுத்தது. இசக்கியம்மா பணிவாகச் சொன்னாள்: "பதிவு நடக்கும்போது பேசுறவங்கள நாங்க வெளியில நிறுத்துவோம் ஐயா. நீங்க பெரியவங்க, உள்ளேயே இருங்க. பேசாம மட்டும் இருந்தா போதும்."

அதிகாரி கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இரண்டாம் பதிவு சுத்தமாக வந்தது. முடிவில் இசக்கியம்மா வழக்கம்போல் நன்றி சொன்னாள்: "போனும் தந்து சொல்லியும் கொடுத்தவர் எங்கள் ஸ்டெல்லா டீச்சர். பேசாமல் உதவியவர் அதிகாரி ஐயா. இருவருக்கும் நன்றி."

அதிகாரி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பும் பதிவில் விழுந்தது. அதை யாரும் வெட்டவில்லை.