இரண்டு வாய் ரசச்சோறு

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். கோலப்பன் வீட்டில் மூடுவதற்கு உலையே கிடையாது. ஜவுளிக்கடையைத் தம்பி மகனிடம் ஒப்படைத்த கையோடு ஓர் இயற்கை உணவு முகாமுக்குப் போய்வந்தார். வந்ததும் வராததுமாக அடுப்பையும் சிலிண்டரையும் ஆட்டோவில் ஏற்றி யாருக்கோ கொடுத்துவிட்டார். தீ பட்ட பண்டம் எதுவும் இனி தன் வீட்டு வாசலைத் தாண்டாது என்று, பிள்ளையார் முன்னால் கற்பூரம்கூடக் கொளுத்தாமல் சத்தியம் செய்தார். அன்று முதல் தேங்காய், வாழைப்பழம், ஊறவைத்த அவல், முளைகட்டிய பயறு.

மூட்டுவலி போனது உண்மை. சர்க்கரை இறங்கியதும் உண்மை. அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமைதோறும் கல்யாண மண்டபத்தில் பேச்சு. "வெந்த சோறு செத்த சோறு" என்று அவர் சொன்னால் கூட்டம் கைதட்டும். அவர் மனைவி ஆவுடை மட்டும் கைதட்டியதில்லை. கொடுத்ததைத் தின்றுவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

அந்த ஆவுடைதான் இப்போது படுக்கையில் கிடந்தாள். வயிற்றில் கட்டி. இனி மருந்து வேண்டாம், ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார்.

"ஏங்க, ரெண்டு வாய் ரசச்சோறு குடுங்களேன். கொழைய வடிச்சு, சூடா. உங்க கையால."

"வெள்ளரிக்கா துருவித் தரட்டா?"

"பல்லெல்லாம் கூசுதுங்க."

கோலப்பனுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சத்தியத்தை நினைத்தால் பயமாக இருந்தது.

"மடத்து அம்மைகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்" என்றார்.

"சரி. கேட்டுட்டுச் சட்டுன்னு வாங்க."

பக்கத்து வீட்டு மாடத்தியைத் துணைக்கு வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சின்ன மடம். பேச்சியம்மை அங்கே இருந்தாள். வழிப்போக்கருக்குக் கஞ்சி ஊற்றுவாள், கேட்டவருக்குப் பதில் சொல்லுவாள். கோலப்பனைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். ஒருமுறை அவளிடம் வாதம் செய்யப் போய் வாயடைத்துத் திரும்பியவர், அன்றிலிருந்து சீடர்.

"அம்மை, ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"தீ பட்டது வேண்டாம்னு சத்தியம் பண்ணினவன், இன்னொருத்தருக்காக அதத் தொட்டா விரதம் கெடுமா?"

"யாருக்காக?"

"பொதுவாக் கேக்கேன்."

"பொதுவாப் பசிக்கிறவங்கன்னு யாரும் இல்லையே அண்ணாச்சி."

கோலப்பன் தலை குனிந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

அம்மை எழுந்தாள். அடுப்பை மூட்டினாள். அரிசியைக் களைந்து போட்டாள். இன்னொரு பக்கம் மிளகையும் சீரகத்தையும் தட்டி ரசத்துக்குக் கூட்டினாள். கொதிக்கிற வாசம் மடம் முழுக்கப் பரவியது. சோற்றைக் குழைத்து, ரசத்தை விட்டு, தூக்குவாளியில் அடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அம்மை, பதில் சொல்லலியே?"

"சூடு ஆறுறதுக்குள்ள போங்க."

போனார். பாலத்தைத் தாண்டி அரசமரம் வரைக்கும் வேகமாகத்தான் போனார். அதற்கு அப்பால் தெரு. அங்கேதான் கால் நின்றது.

தூக்குவாளியைக் கண்டால் நாலு பேர் கேட்பார்கள். மண்டபத்தில் கைதட்டியவர்கள் எல்லாம் அந்தத் தெருக்காரர்கள். நாளைக்கு எந்த முகத்தோடு மேடை ஏறுவது? அதுகூடப் போகட்டும். சத்தியத்தை மீறிக் கொடுத்து அதனாலேயே அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால்? அம்மை வாயைத் திறந்து 'கெடாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பாடு இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் யோசித்தார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றவருக்கு நாலாவது கால் கண்ணில் பட்டது, எண்ணத்தான் தைரியம் வரவில்லை.

வெயில் மரத்தின் மறுபக்கம் போன பிறகு எழுந்தார். எழுந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. மடத்துக்கே திரும்பினார்.

"பதில் தெரியாமக் குடுக்க மனசு வரல அம்மை."

அம்மை தூக்குவாளியை வாங்கித் தொட்டுப் பார்த்தாள்.

"ஆறிட்டே" என்றாள்.

அணைந்த அடுப்பை மறுபடி ஊதினாள். சோற்றைச் சூடாக்கினாள். இந்தத் தடவை தூக்கை அவளே எடுத்துக்கொண்டு நடந்தாள். கோலப்பன் பின்னால் ஓடினார்.

தெருமுனையிலேயே அழுகைச் சத்தம் கேட்டது.

மாடத்தி வாசலுக்கு வந்தாள். "இப்பத்தான் அண்ணாச்சி. நீங்க சோத்தோடதான் வருவீகன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாக. சாப்புடுறதுக்கு முன்னால வாயக் கொப்புளிக்கணும்னு தண்ணி வாங்கிக் கொப்புளிச்சாக. அம்புட்டுத்தான்."

கோலப்பன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மை தூக்குவாளியை ஆவுடையின் தலைமாட்டில் வைத்தாள். மூடி இடுக்கில் இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை முற்றத்தில் பாடை கட்டினார்கள். ஆவுடையைக் குளிப்பாட்டிப் பட்டுச்சேலை கட்டிக் கிடத்தினார்கள். ஒருவர் தாம்பாளத்தில் அரிசியைக் கொண்டுவந்து வைத்தார்.

"வாய்க்கரிசி போடுறவங்க வாங்க. மொதல்ல புருசன்காரரு."

கோலப்பன் ஒரு பிடி எடுத்தார். அவள் முகத்தருகே குனிந்தார். விரல் விரியவில்லை. அரிசி உள்ளங்கையில் குத்தியது. கூட்டம் காத்து நின்றது. அவர் நிமிர்ந்து, கூட்டத்தின் நடுவே நின்ற பேச்சியம்மையைப் பார்த்தார்.

"அம்மை, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லலியே."

அம்மையின் கண் சிவந்திருந்தது. கிட்டே வந்து, மூடிக்கிடந்த அவர் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"போடுங்க அண்ணாச்சி. வேகாத அரிசிதான். விரதம் கெடாது."