இடப்பக்க சீட்

பட்டுனு ஒரு சத்தம். அடுத்த நொடி நவநீதன் கையில இருந்த ஸ்டீயரிங் கல்லாப் போச்சு.

மேம்பாலத்து மேல, காலைல எல்லாரும் ஆபீஸுக்கு ஓடற நேரம். பேட்டரி லைட் செவப்பா எரியுது. வாட்டர் டெம்பரேச்சர் முள்ளு அவன் பாக்கப் பாக்க மேல ஏறுது. பின்னாடி பஸ்காரர் ஹாரன்ல வெச்ச கைய எடுக்கவே இல்ல. நவநீதன் ஸ்டீயரிங்க ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சு இழுத்து, வண்டிய ஓரத்துல சொருகி, சாவியத் திருகி இன்ஜின நிறுத்தினான். உள்ளங்கை வேர்வைல சாவி வழுக்குச்சு.

பக்கத்து சீட்ல அவன் அப்பா ஆறுச்சாமி. மடியில மஞ்சப்பை, அதுக்குள்ள போர்வையும் பிஸ்கட்டும். வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். இன்னிக்கு அதுல ஒரு நாள்.

"என்னடா சாமி ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. கொஞ்சம் பேசாம இருங்க."

பானெட்டத் தொறந்தா, பெல்ட் பிஞ்சு நார் நாராத் தொங்குது. பானெட் ஓரமா எட்டி உள்ள பாத்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா இவன் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தார்.

வெளியிலேர்ந்து பாத்தா அது சாதா வெள்ளக் கார். டாக்ஸின்னு நெனச்சு ரோட்டுல கை காட்டறவங்க உண்டு. உள்ளதான் விஷயம். சூப்பர்சார்ஜர். இன்ஜின் பெல்ட்லயே சுத்தி, காத்த அள்ளி அள்ளி இன்ஜினுக்குள்ள திணிக்கிற மிஷின். மிதிச்சா விசில் அடிச்சுக்கிட்டுப் பறக்கும். அந்த விசில்லதான் நவநீதன் விழுந்தான். அதுக்காக பிஸ்டன மாத்தினான், இன்ஜெக்டர மாத்தினான், ரேடியேட்டர், கிளட்ச், ஒண்ணையும் விடல. ரேஸ் ட்ராக்குக்குன்னு செஞ்ச வண்டி. அப்புறம் அப்பாவுக்குக் கிட்னி போச்சு. வீட்ல இருந்தது இந்த ஒரு கார்தான். பம்பு கம்பெனி வேலைக்கும் அதுலதான், ஆஸ்பத்திரிக்கும் அதுலதான்.

ட்ராக்ல பத்து நிமிஷம் ஓட்டறது வேற, தினமும் ஓட்டறது வேற. ஒரே ஒரு பங்க்ல மட்டும் பெட்ரோல், வேற எங்க போட்டாலும் இன்ஜின் தட்டுமோன்னு பயம். ஸ்பீட் பிரேக்கர்ல சாய்வா ஏத்தி எறக்கணும். சிக்னல்ல நின்னா சூடு ஏறும். ஒரு நாள் கேட்ட சத்தம் மறுநாள் கேட்டா பயம், கேக்கலேன்னா அதவிடப் பயம்.

இதுக்குன்னே டேஷ்போர்டு மேல மூணு மீட்டர் வெச்சிருந்தான். முன்னாடி வேற எடமில்லாம இடப்பக்கமாத் தள்ளி, தன்னப் பாத்த மாதிரி திருப்பி வெச்சது. ஓட்டறப்ப நூறடிக்கு ஒரு தடவ கண்ணு அங்க போயிட்டு வரும்.

அன்னிக்கு அப்பாவ ஆட்டோவுல ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். வண்டியக் கட்டி இழுத்துட்டுப் போனது ரெபேக்காவோட கேரேஜ் ஆளுங்க.

ரெபேக்கா அவனவிட அஞ்சு வயசு சின்னவங்க. ஆனா அந்தக் கேரேஜுக்குள்ள கால் வெச்சா அவங்கதான் மாஸ்டர். லீவு நாள்ல நவநீதன் அவங்ககிட்டதான் ட்யூனிங் கத்துக்கறான். ஸ்பேனர எடுத்துக் குடுக்கறதுலேர்ந்து ஆரம்பிச்சு இப்பத்தான் இன்ஜின் கிட்ட விட்டிருக்காங்க.

சாயங்காலம் போனப்ப மாஸ்டர் பானெட்டுக்குள்ள குனிஞ்சிருந்தாங்க.

"பெல்ட் சுத்தற இந்தப் புல்லிச் சக்கரம் நான் போட்டதில்லையேங்க."

"நான் போட்டதுங்க மாஸ்டர். ஞாயித்துக்கெழம, வீட்லயே."

"சின்னதா இருக்கு."

"சின்னதுன்னா சூப்பர்சார்ஜர் இன்னும் வேகமாச் சுத்தும், காத்து இன்னும் அதிகமா ஏறும்னு..."

"பெல்ட் வழுக்கியிருக்குமே."

"வழுக்குச்சுங்க."

"என்ன பண்ணீங்க?"

நவநீதன் தரையப் பாத்தான். "இறுக்கிட்டேங்க."

"தண்ணி பம்பு, ஆல்டர்னேட்டர், ஸ்டீயரிங், சார்ஜர். எல்லாத்துக்கும் அந்த ஒரே பெல்ட்."

"தெரியுங்க."

"தெரிஞ்சேதான் இறுக்கினீங்க."

மாஸ்டர் திட்டல. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு. அந்தச் சின்னப் புல்லியக் கழட்டித் தொடச்சு, மேசை மேல பறந்துட்டு இருந்த பேப்பர் மேல வெச்சாங்க.

"இதுக்குக் கரெக்டா இருக்குங்க."

நவநீதனுக்குச் சிரிப்பு வரல. "மாஸ்டர், தினமும் செத்துச் செத்துப் பொழைக்கறேங்க. வீட்லேர்ந்து கெளம்பறப்பவே காது இன்ஜின்லதான் இருக்கும். போய்ச் சேர்ற வரைக்கும் மூச்சு ஒழுங்கா விடறதில்ல. இந்தப் பயம் எப்பங்க போகும்?"

"யாரோடதுங்க?"

"என்னோடதுதாங்க. வேற யாரோடது?"

போன வாரம் ஒரு நாள் அவன் அப்பாவ ஆஸ்பத்திரிலேர்ந்து கூட்டிட்டு வர்றப்ப, மாஸ்டரும் பின் சீட்ல கேரேஜ் வரைக்கும் வந்திருந்தாங்க. அத நெனச்ச மாதிரி ஒரு நிமிஷம் வண்டிக்குள்ள பாத்தாங்க. அப்புறம் பழைய புல்லியத் தேடப் போயிட்டாங்க.

ஒரு நாள் விட்டு அடுத்த டயாலிசிஸ். காலைல நவநீதன் எந்திரிச்சு வந்தா, அப்பா சட்டையே போடாமப் படுத்திருக்கார்.

"நேரமாச்சுப்பா, கெளம்புங்க."

"நான் வரல."

"வண்டிக்குப் பயந்துட்டீங்களா? அது இன்னும் கேரேஜ்லதான் இருக்கு. டாக்ஸி சொல்றேன்."

"டாக்ஸியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். போதும்டா. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

ஆறுச்சாமி சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். கால் ரெண்டும் வீங்கிப் பளபளன்னு இருந்துச்சு.

நவநீதனோட சம்சாரம் மஞ்சரி அவன சமையல்கட்டுக்கு இழுத்துட்டுப் போனா. "ஒரு தடவ விட்டாலே நெஞ்சுல தண்ணி கோத்துக்கும்னு டாக்டர் சொன்னாரில்ல? நானும் கெஞ்சிப் பாத்துட்டேன். கஞ்சிகூட வேண்டாங்கறார். எல்லாம் அந்த வண்டி பண்ணின வேலை. அத ஒரு வழி பண்ணிட்டு வந்து கூப்புடுங்க, வருவாரு."

பதினோரு மணிக்குள்ள ஆஸ்பத்திரில இருக்கணும். நவநீதன் கேரேஜுக்கு ஓடினான்.

"மாஸ்டர், இந்த வண்டி எனக்கு வேண்டாங்க. சார்ஜரப் பிரிச்சுருங்க. அப்பா டயாலிசிஸுக்கே வரமாட்டேன்னு படுத்துட்டார். கால் வீங்கிக் கெடக்குது. இந்த வண்டியப் பாத்தே பயந்துட்டாருங்க."

"டாக்ஸில கூப்ட்டீங்களா?"

"அதுலயும் வரலைங்க."

"அப்ப காரணம் வண்டி இல்லையேங்க."

நவநீதன் முழிச்சான். மாஸ்டர் கைய வேஸ்ட் துணில தொடச்சுட்டு ஆணியில மாட்டியிருந்த சாவிய எடுத்தாங்க.

"எடப்பக்கம் ஏறுங்க."

சொந்த வண்டில அவன் அந்தப் பக்கம் உக்காந்ததே இல்ல. உக்காந்ததும் என்னமோ வேற யார் வண்டிலயோ ஏறின மாதிரி இருந்துச்சு. மாஸ்டர் அவன் வீட்டு ரோட்டப் புடிச்சாங்க. வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. ஒரு முனகல் இல்ல.

"பெல்ட் நல்லா உக்காந்துருச்சுங்க" அப்படின்னான் நவநீதன்.

"ஷ். கொஞ்சம் பேசாம இருங்க."

மாஸ்டர் தலைய அவன் பக்கமாச் சாய்ச்சு எதையோ காது குடுத்துக் கேட்டாங்க. அவனும் கேட்டான். ஒண்ணும் கேக்கல.

கொஞ்ச தூரம் போனதும் மாஸ்டர் ஓரக் கண்ணால அவனப் பாத்தாங்க. டக்குனு ரோட்டப் பாத்தாங்க. மறுபடி பாத்தாங்க. முகம் இறுகிப் போச்சு.

அவன் மூஞ்சியத் தொடச்சுக்கிட்டான். கிரீஸ் ஏதாவது ஒட்டியிருக்கோ.

சிக்னல்ல நின்னாங்க. ஸ்டீயரிங்ல விரலால தட்டிக்கிட்டே மாஸ்டர் திரும்பவும் பாத்தாங்க. இந்தத் தடவ பெருமூச்சு வேற.

"என்னங்க மாஸ்டர்?"

"ஒண்ணுமில்லைங்க."

அந்த ஒண்ணுமில்லைதான் அவன உலுக்குச்சு. இவங்களுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு. நான் வீட்லேர்ந்து கெளம்பினதுக்கு அப்புறம் ஏதோ ஆயிருக்கு. இல்லேன்னா வேலைய அப்படியே போட்டுட்டு எதுக்கு என்ன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்? பாக்கெட்ல போனத் துழாவினான். வீட்டு மேசை மேலயே வெச்சுட்டு வந்தது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

மாஸ்டர் இன்னொரு தடவ பாத்தாங்க.

"மாஸ்டர், மறைக்காமச் சொல்லுங்க. மஞ்சரி போன் பண்ணாளா? அப்பாவுக்கு என்னங்க ஆச்சு?"

மாஸ்டர் வண்டிய ஒரு வேப்ப மரத்தடியில நிறுத்தினாங்க.

"யாரும் போன் பண்ணலைங்க."

"அப்புறம் ஏங்க என்ன அப்படிப் பாத்துட்டே வந்தீங்க?"

"உங்களையா பாத்தேன்? ஆயில் பிரஷரப் பாத்தேங்க."

நவநீதன் முன்னாடி திரும்பினான். அந்த சீட்லேர்ந்து பாத்தா முள்ளு தெரியல, நம்பர் தெரியல. டேஷ்போர்டு மேல மூணு கறுப்பு டப்பா, அதோட முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது. அதுக்கு நேர் பின்னாடி அவன் மூஞ்சி இருந்துச்சு.

அப்பா எப்பவும் உக்கார்ற சீட்டு. மாஸ்டர் மறுபடி வண்டிய எடுத்தாங்க, வீட்டு வாசல்ல நிறுத்தினாங்க. நவநீதன் செருப்பக்கூடக் கழட்டாம உள்ள ஓடினான்.

"அப்பா, ஆஸ்பத்திரிக்குக் கூப்புடல. வண்டில ஒரு நிமிஷம் உக்காந்துட்டு வந்து படுத்துக்கங்க. அது போதும்."

"என்னடா இது கூத்து?"

"ஒரு நிமிஷம்ப்பா."

கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்தான். பழக்கத்துல ஆறுச்சாமி இடப்பக்கம் போனார். நவநீதன் அவரச் சுத்திக் கொண்டுவந்து ஸ்டீயரிங் முன்னாடி உக்கார வெச்சான். மில்லுல காலமெல்லாம் நூல் ஓட்டினவர், ரோட்டுல சைக்கிளத் தவிர எதையும் ஓட்டினதில்ல. கைய எங்க வெக்கறதுன்னு தெரியாம மடியிலயே வெச்சுக்கிட்டார். நவநீதன் இடப்பக்கம் ஏறி, கைய நீட்டிச் சாவியத் திருகினான். இன்ஜின் உறுமிச்சு. மூணு டப்பாவுலயும் வெளிச்சம் வந்துச்சு, முள்ளு எந்திரிச்சுது.

ஆறுச்சாமி குனிஞ்சு பாத்தார். "இது பாட்டுப் பெட்டி இல்லையா?"

"இல்லப்பா. ஆயிலு, தண்ணி, பெட்ரோலும் காத்தும். ஏதாவது கெட்டுப் போச்சான்னு காட்டும். ஓட்டறப்ப இதத்தான் பாத்துட்டே இருப்பேன்."

ஆறுச்சாமி மீட்டரப் பாத்தார். அப்புறம் மீட்டருக்குப் பின்னாடி இருந்த மகன் மூஞ்சியப் பாத்தார். திரும்ப மீட்டரப் பாத்தார்.

"நீ என்னையத்தான் பாக்கறேன்னு நெனச்சேன்டா." மெதுவாத்தான் சொன்னார். "திரும்பித் திரும்பிப் பாப்ப. பாத்ததும் உன் மூஞ்சி செத்துப் போகும். வாயத் தொறந்தா பேசாம இருங்கம்ப. தலையச் சாய்ச்சு என் மூச்சக் கேக்கறேன்னு நெனச்சேன். டாக்டர் நாள் குறிச்சுச் சொல்லிட்டான், புள்ள மறைக்கறான், எதுக்கு இவன தெனமும் இப்படிச் சாகடிக்கணும்னுதான் வரலேன்னேன்."

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லப்பா."

"இந்த ஒண்ணுமில்லப்பாவத்தான்டா நான் நம்பல."

"அன்னிக்குப் பெல்ட் அறுந்தது என்னாலதான்ப்பா. நான்தான் தப்பாப் போட்டேன். உங்கள உக்கார வெச்சுக்கிட்டு நடு ரோட்டுல நின்னுருவோமோன்னு எனக்குத் தெனமும் பயம். டாக்டர் உங்களப் பத்தி எதுவும் சொல்லல. போன மாசத்துக்கு இப்ப தேவலைன்னுதான் சொன்னார்."

ஆறுச்சாமி கொஞ்ச நேரம் முள்ளையே பாத்துட்டு இருந்தார்.

"கடைசில இருக்கறது ஏன்டா ஆடுது?"

"அது அப்படித்தான்ப்பா ஆடும். ஆடாம நின்னாத்தான் வம்பு."

"ஓ." இன்னும் கொஞ்ச நேரம் பாத்தார். அப்புறம் கதவத் தொறந்து, வண்டிய ஒரு கையால புடிச்சுக்கிட்டே, வீங்கின கால எடுத்து எடுத்து வெச்சு, பின்னாடியாச் சுத்தி இந்தப் பக்கம் வந்தார்.

"எறங்கு. அது என் சீட்டு. மஞ்சரிகிட்டச் சொல்லி என் சட்டையும் பையும் கொண்டாரச் சொல்லு. பதினோரு மணின்னாங்கல்ல."

நவநீதன் எறங்கினான். மாஸ்டர் கேட்டுப் பக்கத்துல நின்னுட்டு இருந்தாங்க, சாவி இவன்கிட்ட வந்துட்டதால பஸ்ஸுக்குக் கெளம்பற மாதிரி. அவன் கிட்டப் போனான்.

"மாஸ்டர், எனக்கு இன்னும் பயமாத்தாங்க இருக்கு."

"இருக்கட்டுங்க" அப்படின்னாங்க மாஸ்டர். "வாய்விட்டுப் பயப்படுங்க."