முன்னால் நடந்தவள்

"எனக்கு இந்த இடத்துக்குத் தகுதி இல்லை, மேடம்" என்றாள் மங்கையர்க்கரசி.

பேராசிரியர் சுனீவா காலில் மாட்டிய பனிச்சறுக்குக் கட்டையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. எனக்கே தெரிகிறது. மற்ற இருவரும் உறைந்த கடல்மேல் தெருவில் போகிற மாதிரி போகிறார்கள். எனக்கு ஒவ்வோர் அடிக்கும் உயிர் போய் வருகிறது."

மங்கையர்க்கரசி பட்டுக்கோட்டைக்காரி. கல்லூரியில் இயற்பியல் நடத்திவிட்டு, துருவக் கடலின் பனியைப் படிக்க நார்வேக்கு வந்தவள். அவளுடைய ஆய்வு வழிகாட்டியான சுனீவா அவளைவிட இரண்டு வயது இளையவர்.

"பயமா?"

"பயம்தான்."

"அப்படியானால் இன்றைக்கு நீங்கள் முன்னால் போங்கள்."

பனியைக் குத்திப் பார்க்கும் இரும்புக் கம்பியை அவள் கையில் கொடுத்தார்.

உறைந்த விரிகுடாவின் மறுகரை ஓரம் ஒரு சிவப்புக் கொடி தெரிந்தது. அதன் அடியில் அவளுடைய கருவி. குளிர்காலம் முழுக்கப் பனியின் வெப்பநிலையைப் பதிந்துவைத்திருந்தது. பனி உடைவதற்குள் எடுத்தாக வேண்டும்.

நால்வரும் ஒரே வரிசையில் கிளம்பினார்கள்.

குத்தினாள். நகர்ந்தாள். மறுபடி குத்தினாள்.

"இப்படிப் போனால் போய்ச் சேர்ந்த மாதிரிதான்" என்றான் ஐவிந்த். அவளுடன் படிப்பவன். அந்த நாட்டுக்காரன். நடக்கப் பழகியபோதே சறுக்கவும் பழகியவன்.

பனிக்கரடி வந்தால் காப்பதற்காகத் துப்பாக்கியோடு வந்த லீவ் சிரித்தாள்.

சுனீவா சிரிக்கவில்லை.

கொடியின் மடிப்புகள் தெரியும் அளவுக்கு நெருங்கியபோது, கம்பி ஒரே குத்தில் உள்ளே போனது. கறுப்பாகத் தண்ணீர் மேலே வந்தது.

இடப்பக்கம் குத்தினாள். தண்ணீர். வலப்பக்கமும் அதேதான்.

"வேகமாகப் போனால் தாங்கும். கூப்பிடு தூரம்தானே, நான் போய் எடுத்து வருகிறேன்" என்றான் ஐவிந்த்.

அவள் சுனீவாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்கள் சொல்லுங்கள், மேடம்."

"முன்னால் நிற்பது நானா?"

மங்கையர்க்கரசி கொடியைப் பார்த்தாள். பிறகு ஐவிந்தைப் பார்த்தாள்.

"யாரும் போக வேண்டாம். திரும்புவோம்."

"உன் ஆராய்ச்சியே அதில்தானே இருக்கிறது?"

"ஆமாம்."

"அப்புறம்?"

"திரும்பு, ஐவிந்த்."

குரல் உயரவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சை அடக்கிய குரல் அது.

அவன் திரும்பினான்.

அவள் குத்திய துளைகளை ஒட்டியே நால்வரும் கரைக்கு வந்தார்கள். சறுக்குக் கட்டைகளைக் கழற்றும்போது லீவ் கையை நீட்டிக் காட்டினாள்.

கொடி நகர்ந்துகொண்டிருந்தது.

பனி பெரிய பாளமாகப் பிளந்து, கொடியையும் கருவியையும் சுமந்துகொண்டு கடலுக்குள் போனது. அவர்கள் நின்று பேசிய இடத்தில் தண்ணீர் பளபளத்தது.

ஐவிந்த் தொப்பியைக் கழற்றினான்.

மங்கையர்க்கரசியின் கண்கள் நிறைந்தன. கொடி மறையும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆய்வு நிலையத்திலிருந்து வாக்கி டாக்கி கரகரத்தது.

"கருவி கிடைத்ததா?"

"இல்லை" என்றார் சுனீவா.

"ஆட்கள்?"

"நால்வரும் கரையில்."

"பதிவு செய்ய வேண்டும். குழுவை நடத்தியவர் யார்?"

சுனீவா வாக்கி டாக்கியை அவளிடம் நீட்டினார்.

அவள் ஒரு கணம் தயங்கினாள். வாங்கிக்கொண்டாள். முதுகு நிமிர்ந்தது.

"மங்கையர்க்கரசி."

"புரியவில்லை. சுருக்கமாக ஏதாவது பெயர் உண்டா?"

"இல்லை" என்றாள். "முழுதாக எழுதிக்கொள்ளுங்கள்."

ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி நிறுத்திச் சொல்லத் தொடங்கினாள்.